ஸ்கூட்டரைச் சுற்றிப் போகும் நடைபாதை

கடைவீதியின் புது நடைபாதை நூல் பிடித்தாற்போல் வருகிறது. சாவிக்காரம்மாவின் கடை வந்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு ஸ்கூட்டருக்கு இடம் விட்டு, மறுபடி நேராகிறது.

ஸ்கூட்டர் அவருடைய கணவருடையது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பகலில் அதைப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இதோ வந்துடறேன்" என்று நடந்து போனவர். அந்த 'இதோ' இன்னும் முடியவில்லை. ஊரில் பாதிக் கதவுகளுக்கு மாற்றுச்சாவி வெட்டிய அம்மா, அந்த வண்டிக்கு மட்டும் வெட்டியதில்லை.

செத்துக் கிடந்த கடைவீதிக்கு உயிர் கொடுக்க நகராட்சி கிளம்பியபோது, அளக்க வந்தவர்கள் அசையாத பொருட்களை வரைபடத்தில் குறித்தார்கள்: விளக்குக் கம்பம், மரம், தண்ணீர்க் குழாய், ஸ்கூட்டர். சக்கரம் மண்ணில் புதைந்து, சீட்டில் புல் முளைத்திருந்த ஒன்றை வேறெப்படிக் குறிப்பது? வரைபடத்தில் கையெழுத்து விழுந்த பிறகு கடவுளே வந்தாலும் கல் நகராது.

சாலை குறுகியது. வண்டிகள் நிதானத்துக்கு வந்தன. நிழலில் பெஞ்சு போட்டார்கள். உட்கார இடம் கிடைத்ததும் ஜனங்களுக்கு ஏதாவது வாங்கவும் தோன்றியது. திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் என்ஜினியர் அந்த வளைவைக் கவனித்தார்.

"ஊருக்கெல்லாம் சாவி போடுறீங்க, இதுக்கு ஒண்ணு போட்டு உள்ள தள்ளிடக் கூடாதாக்கா?"

"பத்து நிமிஷ வேலை தம்பி. ஆனா அவரு வந்து பாக்கறப்ப வண்டி இல்லேன்னா, தெரு மாறி வந்துட்டோம்னு அப்படியே போயிடுவாரு. நீங்கதான் ஒண்ணையும் அடையாளம் தெரியாம பண்ணிட்டீங்களே!"

வண்டியை அப்புறப்படுத்துவதற்கான படிவத்தை என்ஜினியர் நீட்டினார். உரிமையாளர் உயிருடன் இருந்தால் அவர் கையெழுத்து வேண்டும். இறந்திருந்தால் மனைவியுடையது போதும். இரண்டு கட்டங்கள்.

"ரெண்டாவதுல ஒரு டிக் போடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

"என் கையாலயே கொல்லச் சொல்றீங்களா?"

அம்மா பேனாவை வாங்கி, இரண்டு கட்டங்களுக்கும் நடுவே எழுதினார்: 'வெளியே போயிருக்கிறார்.'

அலுவலகம் மறுக்கவில்லை. படிவம் காலியாக இல்லை, அது போதும். 'உரிமையாளர் திரும்பியதும் நடவடிக்கை' என்று முத்திரை குத்திக் கோப்பை மூடினார்கள். அவர் வருவார் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது ஊரிலேயே அந்த அலுவலகம் ஒன்றுதான்.

முன்பெல்லாம் ஒரு நாளைக்கு முப்பது பேர் கடந்து போவார்கள். முப்பதும் அவரில்லை என்று பார்த்துவிட்டுக் கடையைச் சாத்துவார் அம்மா. இப்போது தெரு முழுக்கத் தலைகள். ஒரு சாவி வெட்டக் குனிந்தால் இருபது முகங்கள் தப்பிவிடுகின்றன.

விழா முடிந்து ஒரு மாதம் கழித்து என்ஜினியர் அந்தப் பக்கம் வந்தார்.

"வியாபாரம் எப்படிக்கா?"

"குறையே இல்ல." அம்மா மிஷினை நிறுத்தினார். "நேத்து குனிஞ்சிருந்தேன். யாரோ ஹேண்டில் பாரைத் தொட்டாங்க. நிமிர்றதுக்குள்ள கூட்டம் மூடிடுச்சு. அது நீங்க இல்லையே, தம்பி?"