எலுமிச்சம்பழம் எதுக்கு?

“மாலைக்கா, வண்டிக்கா, சோத்துக்கா?” என்று கேட்டார் எலுமிச்சம்பழம் விற்கிற அம்மா. திருவண்ணாமலையில் பழத்தின் விலைக்கு முன்னால் வருகிற கேள்வி இது. சாமிக்கு மாலை கோக்க என்றால் ஒரே அளவில் பொறுக்கித் தருவார்கள். வண்டிச் சக்கரத்தில் வைத்து நசுக்க என்றால் வாடல் போதும். சாதத்துக்கு என்றால் சாறு இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துப் போடுவார்கள். இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு கேள்வியும் கேட்காத கடைகளில் பழம் எடுத்துப் பழகிவிட்டேன். திடீரென்று கேட்டதும் தடுமாறி, “கேக்குக்கு” என்றேன். அவர் காதில் “கேட்டுக்கு” என்று விழுந்திருக்கிறது. நான் பையைத் திறப்பதற்குள் கறுப்புக் கயிற்றில் ஒரு பழத்தையும் பச்சை மிளகாய்களையும் கோத்து நீட்டினார். “புது வீடாம்மா? ரோட்டப் பாத்த மாதிரி கட்டு. பட்ட கண்ணெல்லாம் அதோட போயிடும்.” அதையும் வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு பை நிறையப் பழமும் கேட்டேன். எத்தனை கேட் வைத்த வீடு என்று அவர் யோசித்திருப்பார்.

அன்று என் மகள் யாழினிக்குப் பிறந்தநாள். கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ என்கிற ஊரில் நாங்கள் இருந்தவரை, அவள் பிறந்தநாளுக்கு கேக் வெட்டியதில்லை. லெமன் பார்தான். அதற்குத் தமிழில் பெயர் கிடையாது. அடியில் வெண்ணெய் பிஸ்கட் மாதிரி பொரபொரவென்று ஒரு தளம், மேலே முட்டையும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து இறுகிய மஞ்சள் படலம், அதற்கும் மேலே பொடித்த சர்க்கரைத் தூவல். ஆறவிட்டு, சதுரம் சதுரமாக வெட்ட வேண்டும். வேங்கிக்காலில் என் அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாழினி எதையும் கேட்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், சொன்ன இடத்தில் படுத்தாள். அந்த அடக்கம் எனக்குப் பயமாக இருந்தது. முந்தின நாள்தான் முதல்முறையாக வாயைத் திறந்து, “லெமன் பார் செய்ய முடியுமாம்மா?” என்றாள். முடியாது என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பலகாரம் எங்கள் வீட்டுக்குள் வந்த கதை விநோதமானது. ஃப்ரெஸ்னோவில் குடியேறிய புதிதில், ஒரு காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் மூன்று எலுமிச்சம்பழங்கள். ஒவ்வொன்றும் கோழிமுட்டையைவிடப் பெரியது, தடித்த தோல், பளீரென்ற மஞ்சள். நம் ஊரில் வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன எலுமிச்சைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையால் தொடாமல், துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே போய்க் குப்பைத் தொட்டியருகே விட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். இதையெல்லாம் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து டெப்ரா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், என் வயதுதான். அவள் வீட்டுக் கொல்லை மரம் காய்த்துத் தள்ளும்போதெல்லாம் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் பழம் வைப்பது வழக்கமாம். மறுநாள் வந்து, எலுமிச்சை பிடிக்காதா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “எங்கள் ஊரில் வாசலில் எலுமிச்சை கெடுதல்” என்றேன். அவள் நெற்றியைச் சுருக்கி, தலையை ஆட்டி, புரிந்துவிட்டது என்று சொல்லிப் போனாள். பச்சைப் பழம்தான் எங்கள் உடம்புக்கு ஆகாது என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. சாயங்காலம் அதே பழத்தை அடுப்பில் சுட்டு, அடுப்புச் சூடு தாங்கும் ஒரு கண்ணாடித் தட்டு நிறைய லெமன் பாராகக் கொண்டுவந்து நின்றாள். சின்னஞ்சிறு யாழினி அதில் ஒன்றைத் தின்று, தட்டிலிருந்த சர்க்கரைத் தூளையும் நக்கினாள். அந்தத் தட்டை டெப்ரா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தத் தட்டோடுதான் ஊருக்கு வந்திருந்தோம். என் கணவர் சேகருக்கு வேலை போய்விட்டது. வேலை போனால் விசாவுக்குக் கெடு தொடங்கிவிடும். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவர் அங்கே தேடிக்கொண்டிருக்க, நான் மகளோடு முன்னால் வந்துவிட்டேன். அண்ணியிடம் “லீவு” என்றேன். ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் லீவு. யாழினியிடமும் லீவுதான். எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டால் “டிக்கெட் பாக்கணும்” என்பேன். அந்த வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியை மறுபடி மடிப்பேன். மாடிக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் இறங்குவேன். ஃபோனை எடுத்துப் பார்ப்பேன், அங்கே இன்னும் விடிந்திருக்காது. பெட்டிகளைத் திறந்து அலமாரியில் துணிகளை அடுக்கவும் இல்லை. அடுக்கினால் தங்கிவிட்டேன் என்று ஆகிவிடும், இல்லையா?

பழப்பையோடு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி கேட்டது முட்டையைப் பற்றித்தான். “அதுல முட்டை போடுவாங்களா?” போடுவார்கள் என்றேன். “இன்னிக்கி பௌர்ணமி. முட்டையெல்லாம் வீட்டுக்குள்ள கூடாது, தெரியும்ல? நாளைக்கி செஞ்சிக்கோ.” பிறந்தநாள் நாளைக்கு இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதோடு அந்த வீட்டில் ஓவனும் கிடையாது. அப்போதுதான் ஷமீமா நினைவுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். டவுனில் அவர்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக பேக்கரி. இப்போது அவளும் அவள் அண்ணனும் நடத்துகிறார்கள். ஃபோன் செய்தேன். “வாடி. காலையில ரொட்டி போட்டு முடிச்சாச்சி, அடுப்பு சும்மாதான் கெடக்கு. புள்ளையையும் கூட்டிக்கினு வா” என்றாள்.

கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தால் ஆட்டோக்காரர் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார். கண்ணாடித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நானும், பழப்பையோடு யாழினியும் நடந்தோம். ஊரே ஒரு திசையில் மலையைச் சுற்றிக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் குறுக்கே வெட்டி, இடித்து, மன்னிப்புக் கேட்டு, பேக்கரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

பேக்கரியின் பின்கட்டில் செங்கல் அடுப்பு. மைதாவையும் பொடித்த சர்க்கரையையும் கலந்து, குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்துச் சேர்த்தேன். பிசைந்துவிடக் கூடாது. ஈர மணல் மாதிரி வந்ததும் தட்டில் கொட்டி உள்ளங்கையால் அழுத்தினேன். ஷமீமா ஒரு துளி வாயில் போட்டுப் பார்த்து, “இதான் உங்க அமெரிக்காவா? நம்ம பட்டர் பிஸ்கட்டுல ஏலக்காய் இல்லாம செஞ்சிருக்கே” என்றாள். தளம் லேசாகச் சிவக்கும்வரை அடுப்பில் இருந்தது. அதற்குள் பழத்தோலைத் துருவப் போனேன். டெப்ரா வீட்டுப் பழத்தில் தோல் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும், நிதானமாகத் துருவலாம். நம் பழத்தின் தோல் காகிதம். இரண்டு இழுப்பில் கசப்பான வெள்ளை வந்துவிடுகிறது. சாறோ டெப்ரா வீட்டுப் பழத்தைவிட நான்கு பங்கு முரட்டுப் புளிப்பு. எவ்வளவு ஊற்றுவதென்று தெரியாமல், சர்க்கரையைக் கூட்டி, சாற்றைக் குறைத்து, மறுபடி கூட்டி, முட்டையோடு அடித்துக்கொண்டிருந்தேன்.

ஷமீமா யாழினியிடம், “ஒனக்கு ரெண்டு பாக்கெட் பிஸ்கட் கட்டித் தர்றேன். அங்க போயி டீச்சருக்குக் குடு. எப்ப கெளம்புறீங்க?” என்று கேட்டாள்.

யாழினி பழங்களைப் பார்த்தபடியே சொன்னாள். “நாங்க போகலை ஆன்ட்டி. அப்பாவுக்கு ஆபீஸ் இல்லை. அவரும் இங்கதான் வருவார்னு நினைக்கிறேன். அம்மா இன்னும் யார்கிட்டயும் சொல்லலை.”

என் கை நின்றுவிட்டது. அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஃப்ரெஸ்னோவில் மெல்லிய சுவர்கள் உள்ள வீட்டில் நானும் சேகரும் தாழ்ந்த குரலில் பேசினால் குழந்தைக்குக் கேட்காது என்று நினைத்தது நாங்கள்தான். இத்தனை நாளும் என் பொய் உடைந்துவிடாமல் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்காமல் சாப்பிட்டதும் சொன்ன இடத்தில் படுத்ததும் அதற்காகத்தான். ஷமீமா என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். “தட்டு வந்துடுச்சி. சூடா இருக்கறப்பவே ஊத்தணும்னு சொன்னியே, ஊத்துடி” என்றாள். ஊற்றினேன். மஞ்சள் திரவம் சூடான தளத்தில் பட்டு மெல்லச் சீறியது. தட்டு மறுபடி அடுப்புக்குள் போய், அது இறுகுகிறவரை யாழினியை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன். மடியில் உட்காரும் வயதைத் தாண்டியவள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. “உனக்குத் தெரியும்னு ஏன் சொல்லலை?” என்றேன். “நீ லீவுன்னு சொன்னியே” என்றாள்.

திரும்பி வரும்போது துணி போட்டு மூடிய தட்டைப் பார்த்துவிட்டு, கிரிவலம் வந்த ஒரு அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். “பிரசாதம்மா, கொஞ்சம் குடும்மா.” நான் பதறிப்போய், “ஐயோ, முட்டை போட்டதுங்க!” என்று கத்திவிட்டேன். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்ட வேகத்தில் யாழினி சிரித்துவிட்டாள். ஊருக்கு வந்தபிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல்முறை.

அண்ணன் வீட்டு மாடிப்படியில், வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து தட்டைத் திறந்தோம். ஒரு மூலை கருகியிருந்தது. நடுவில் சரியாக இறுகாமல் ஆடியது. அடுப்பில் தங்கியிருந்த ரொட்டி வாசனை அதில் ஏறியிருந்தது. யாழினி இரண்டு துண்டு தின்றுவிட்டு, “டெப்ரா செய்யற மாதிரி இல்லை” என்றாள். பிறகு மூன்றாவது துண்டை எடுத்தாள். அண்ணி படிக்குக் கீழே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி மறைப்பதில் என்ன இருக்கிறது என்று, “அண்ணி, நாங்க லீவுல வரல” என்றேன்.

“தெரியும்” என்றார். “லீவுக்கு வர்றவ யாராச்சும் கண்ணாடித் தட்டத் தூக்கிக்கினு வருவாளா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன். உங்க அண்ணன் ஸ்கூல்லகூட பேசி வெச்சிருக்காரு.”

நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. “நான் இங்கயே இருக்கப் போறேன்னு யாரு சொன்னாங்க? என்னைக் கேக்காம எதுக்குப் பேசினீங்க?” என்று குரலை உயர்த்திவிட்டேன்.

அண்ணி நிதானமாகத்தான் சொன்னார். “அப்ப போ. யாரு புடிச்சி வெச்சா? ஆனா நாளைக்கி எழுந்து எங்க போவணும்னு அந்தப் புள்ளைக்குத் தெரியணும்ல? நீ மாடிக்கும் கீழுக்கும் நடந்துக்கினே இருந்தா அதுவும் எத்தினி நாளைக்கி சும்மா பாத்துக்கினு ஒக்காந்திருக்கும்?”

அன்றிரவு சேகர் வீடியோவில் வந்தார். அவருக்கு அது காலை. பின்னால் படங்கள் கழற்றிய வெற்றுச் சுவர். “டெப்ரா ஒரு பை நிறையப் பழம் வெச்சிட்டுப் போயிருக்காங்க. நான் ஒருத்தன் இத வெச்சிக்கிட்டு என்ன பண்றது?” என்று சிரிக்கப் பார்த்தார். யாழினி அவரிடம், “எனக்குத் தெரியும்பா” என்று மட்டும் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்து போனார். வாசலில் யாரும் கூப்பிடவில்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

பௌர்ணமி கழிந்த மறுநாள் அண்ணி ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தார். “புளிப்பும் ஜாஸ்தி, இனிப்பும் ஜாஸ்தி. என்னன்னு சொல்லி இதத் திங்கிறீங்க?” என்றார். ஆனால் துண்டை முழுசாக முடித்துவிட்டுத்தான் கை கழுவினார். அன்று மத்தியானம் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து, யாழினியின் துணிகளை மட்டும் அலமாரியில் அடுக்கினேன்.

கெடு முடியும் தறுவாயில் சேகருக்கு வேலை கிடைத்தது. ஃப்ரெஸ்னோவில் அல்ல. வடக்கே, வருடத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற, எங்களுக்கு ஒருவரையும் தெரியாத ஓர் ஊரில். அவர் அங்கே போய்விட்டார். எங்கள் விசா காகிதங்கள் சரியாக எத்தனை மாதம் ஆகுமென்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாழினிக்கு இந்தப் பள்ளி வருடம் இங்கேதான் என்று முடிவு செய்தோம். முடிவு செய்த பிறகாவது கால் ஓயும் என்று நினைத்தேன். ஓயவில்லை. இந்த ஊரில் நடக்கும்போது அந்த ஊருக்கு நேரமாகிவிட்டது போலவும், அங்கே இருந்தபோது இங்கே யாரோ காத்திருப்பது போலவும் ஓர் அரிப்பு. உங்களில் கடல் தாண்டிப் போனவர்களுக்கு இது புரியும். போகாதவர்கள், எங்களுக்குக் கொழுப்பு என்று நினைத்தால் அதிலும் தவறில்லை.

போன வாரம் சீருடை தைக்க டெய்லரிடம் கூட்டிப்போனேன். யாழினியை நிற்கவைத்து இடுப்பு, நீளம் எல்லாம் அளந்துவிட்டு, நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டார். “வளர்ற புள்ளை. அடுத்த வருசத்துக்கும் ஆவுற மாதிரி உள்ள துணி மடிச்சி விடட்டுங்களா?”

“வேணாங்க” என்றேன் நான். அதே நொடியில் யாழினி, “விடுங்க” என்றாள்.

டெய்லர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நேற்று ஸ்கர்ட்டை வாங்கிவந்து திருப்பிப் பார்த்தேன். அடி ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து வைத்திருந்தார். நினைத்தால் ஒரே இழுப்பில் பிரிந்துவிடுகிற மாதிரி, இடைவெளி விட்டு, ஓட்டுத்தையல் போட்டிருந்தார்.