ஓம் என்றால் கேட்கிறேன்

நனைந்த மழைச்சட்டைகளின் மணம் எங்கேயாவது வந்தால் போதும், அந்தப் பள்ளிக்கூட நடைவழி எனக்கு முன்னால் நீளும். சின்னக் கொளுக்கிகளில் சின்னச் சட்டைகள், சொட்டச் சொட்ட. அதற்கு அப்பால் மண்டபம். ஏழு வயதுக்கென்று செய்த கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, நாங்கள் தாய்மார் இருந்தோம்.

பள்ளிக்கூட எல்லையை நகரசபை மாற்றப்போகிறதாம். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்து ஊர் எங்களது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் அடுக்குமாடிகள், அந்தப் பக்கம் தோட்டம் வைத்த வீடுகள், இரண்டுக்கும் ஒரே பள்ளிக்கூடம். இடம் போதவில்லை. ஆகவே புதிதாய்ச் சேரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இனிப் பெருந்தெருவுக்கு அப்பாலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். வரைபடத்தில் அது ஒரு சிவப்புக் கோடு. தோட்டங்களைப் பார்த்துப் பார்த்து வளைந்த கோடு, எங்கள் கட்டடங்களுக்கு வந்ததும் நேராகிவிட்டது.

மேல்வீட்டுக்காரியின் வயிற்றில்தான் அந்தக் கோடு விழுந்தது. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் விடியற்காலை வேலை. புருஷன் லொறியோடு கிழமைக்கணக்கில் தூரத்தில். மூன்றாம் வகுப்பு மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள் என்ற நம்பிக்கையில்தான் அந்த வீடு ஓட இருந்தது. இனி அந்த ஆறு வயது தனியே பெருந்தெருவைக் கடக்கவேண்டும், அல்லது தாய் வேலையை விடவேண்டும்.

கூட்டத்தில் எங்கள் வரிசைக்கு மொழிபெயர்த்தவள் நான். ஜெர்மனில் "யா" என்றால் எங்கள் ஓம், ஆமாம். அதிகாரி ஒரு வசனம் சொல்வார். நான் "யா, யா" என்பேன், திரும்பிக் கிசுகிசுப்பேன். வரிசை முழுக்க "யா" என்று தலையாட்டும். போனில் கதைத்தாலும் நாங்கள் அப்படித்தானே. மற்ற ஆள் கதைக்கும்போது இடைக்கிடை ஓம், ஓம் என்னாவிட்டால், லைன் அறுந்துபோச்சோ என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அந்த ஓமுக்கு ஒரு பொருளும் இல்லை.

இரண்டு கிழமையில் கூட்டக் குறிப்பு வந்தது. அடுக்குமாடிப் பெற்றோர் 'ஐன்ஃபெர்ஷ்டாண்டன்' என்று எழுதியிருந்தது. உடன்பட்டார்களாம். வெறும் 'ஃபெர்ஷ்டாண்டன்' என்றால் விளங்கியது. முன்னால் ஒரு 'ஐன்' வந்து ஒட்டியதில் ஒரு பிள்ளையின் பாதை மாறிப்போனது. அந்த ஐனை ஒட்டிக் கொடுத்தது என் வாய். மேல்வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். இனி என்ன செய்யிறது என்று மட்டும் கேட்டாள்.

படியேறினோம். மூன்று பேர்: அவள், நான், கீழ்வீட்டுச் சிரியாக்காரி. அவளுடைய மகளும் இந்த வருடம்தான் முதலாம் வகுப்பு. தோட்டத்துப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்தார், கடிதத்தலைப்பு இருந்தது, பின்னேரங்களில் கூடுவதற்கு அகலமான மேசைகள் இருந்தன. எங்களுக்கு மாடிப்படி இருந்தது. கதவுகதவாய்த் தட்டி, ஆட்சேபக் கடிதம் சேர்த்தோம்.

தோட்டத்துப் பக்கத்தாரைக் கூட்டி நடத்திய தாய் ஒருநாள் என் குசினிக்கே வந்து இருந்தாள். சண்டைக்கென்று நினைத்தேன். அவளுக்கும் பயம் அதே பெருந்தெருதான். தன் பிள்ளை அதைக் கடக்கக்கூடாது என்றுதான் அத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறாள். எங்கள் "யா யா"வைக் கேட்டு, இவர்களுக்குச் சம்மதம் என்று நிம்மதியாய் வீட்டுக்குப் போனாளாம். ஓம் என்ற சொல்லை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு என் பேனையை வாங்கி, குறிப்பைத் திருத்தச் சொல்லும் கடிதத்தை அலுவலக ஜெர்மனில் தானே எழுதித் தந்தாள்.

அடுத்த கூட்டத்தில் மேல்வீட்டுக்காரி எழும்பித் தன் ஜெர்மனிலேயே பேசினாள். இலக்கணம் தடுக்கி விழுந்தது, அவள் விழவில்லை. நான் கழுத்தைக்கூட ஆட்டவில்லை. மூச்சையாவது விடு, இல்லாவிட்டால் செத்துப்போனாய் என்று குறிப்பில் எழுதிவிடுவார்கள் என்று சிரியாக்காரி என் காதுக்குள் சொன்னாள்.

கோடு அசையவில்லை. ஒரு விலக்கு மட்டும் கிடைத்தது: மூத்த பிள்ளை ஏற்கெனவே அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தால், இளையதும் அங்கேயே சேரலாம்.

சிரியாக்காரிக்கு ஒரே பிள்ளை.

விலக்குக் கடிதம் வந்த அன்று மேல்வீட்டுக்காரியை ட்ராம் நிறுத்தத்தில் கண்டேன். அன்றைக்கு மட்டும் மத்தியான வேலைக்கு மாறிப் போய்க்கொண்டிருந்தாள். சந்தோஷம்தானே என்றேன். ட்ராம் வந்தது. கதவுப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கீழ்வீட்டுக்காரியின்ரை பிள்ளையையும் என்ரை மூத்தவள்தான் கூட்டிக்கொண்டு போவாள் எண்டு அவவுக்குச் சொல்லி வைச்சனான், அக்கா. இனி அது நடவாது எண்டு கீழை நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு ஏலாது."