ரங்கூனிலிருந்து வந்த ஆள்

மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அபார்ட்மென்ட்டில் மேல் மாடியில் குடியிருக்கும் அமுதா போன் செய்தார். ஐ.டி. வேலை. சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம்.

"சார், நானே ஒரு கேம் எழுதியிருக்கேன். மத்தியானம் வந்து விளையாடிப் பார்க்கிறீங்களா? அப்படியே உங்க வாக்கிங் பிரெண்டு கணேசன் சாரையும் கூட்டிட்டு வாங்களேன்."

என்னைக் கூப்பிட்டது சரி. கணேசனை எதற்கு...? தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். விளையாட்டு என்றால் டி.வி.யில் கிரிக்கெட் பார்ப்பதோடு சரி. எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன்.

போனால் — போர்டு இல்லை, காய் இல்லை. ரோல் பிளேயிங் கேமாம். அமுதா கதை சொல்வார். நாங்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று இழுபறி வந்தால் பகடை உருட்ட வேண்டும்.

கதை நடப்பது இரண்டாம் உலகப்போர் காலத்தில். ரங்கூனில் குண்டு விழுகிறது. பிழைக்கப் போனவர்கள் காடு மலை தாண்டி நடந்தே திரும்புகிறார்கள். இங்கே டெல்டாவில் ஒரு கிராமம். செத்துவிட்டதாக நினைத்துக் கருமாதியும் முடித்துவிட்ட காளியன், ஒருநாள் எலும்பும் தோலுமாக வந்து நிற்கிறார்.

'இது காளியன் இல்லை. அவன் உடம்பில் ஏறி வந்த பேய்' என்கிறார் பண்ணையார்.

மனிதனா, பேயா? பஞ்சாயத்தார் மூன்று பேர் கண்டுபிடிக்க வேண்டும். நான், கணேசன், அமுதாவின் கணவர் பிரபு.

கணேசன் எடுத்த எடுப்பிலேயே குடைய ஆரம்பித்தார்.

"தெருவுல விளக்கு எரியுதுங்கிறீங்க. யுத்த காலத்துல மண்ணெண்ணெய் ஏது?"

"அது இலுப்பெண்ணெய் விளக்கு சார்."

"பர்மா அரிசி வராம நின்னுபோச்சே, அதைச் சொல்லலையே?"

"அடுத்த பக்கத்துல வருது சார்."

அமுதா அசரவில்லை. கணேசன் 'ம்...' என்றார்.

சோதனைகள் தொடங்கின. சாம்பலைப் பரப்பிக் காளியனை நடக்கவிட்டோம். பேய் என்றால் தடம் பதியாதாம். பகடை உருட்டினேன் — பதிந்தது. உப்புப் போட்ட சோறு வைத்தோம். பேய் என்றால் உப்பைத் தொடாதாம். பிரபு உருட்டினார் — காளியன் மறுசோறு கேட்டார். பூசாரி செப்புத் தகட்டில் சக்கரம் கீறி அவர் கையில் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

"இது விவரமான பேய்ங்க" என்றார் பூசாரி. அதாவது, பூசாரியாகப் பேசிய அமுதா.

"இந்தப் பூசாரி யார் வீட்டுல சாப்பிடறார்?" என்று கேட்டேன்.

"பண்ணையார் வீட்டுல சார்."

எனக்கு இது போதாதா? மனிதன் என்று ஓட்டுப் போட்டேன். பிரபு, பேய் என்றார். கணேசன் கொஞ்சம் யோசித்தார். "எதுக்கு ரிஸ்க்கு? ஊரைவிட்டு அனுப்பிடுவோம்."

அமுதா கடைசிப் பக்கத்தை வாசித்தார். காளியன் ஊரைவிட்டுப் போகிறார். அவர் மனைவி குத்தகைக்குப் பயிர் செய்துவந்த 'ஆலடி எட்டு மா' வயல் பண்ணையாரிடமே போய்ச் சேருகிறது.

கணேசன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேரு உங்களுக்கு எங்கேம்மா கிடைச்சுது? அது எங்க தாத்தா காலத்து நிலம்."

"தெரியும் சார். காளியன் எங்க அப்பாவோட தாத்தா."

அமுதா கதைக் காகிதங்களை மடித்து வைத்தார்.

"ஊர்ல இன்னிக்கும் எங்களுக்குப் பேரு 'பேய் வீடு' சார். என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனப்பகூட, 'பேய் வீட்டுப் பொண்ணா'ன்னுதான் கேட்டாங்க."

"இதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்களா?"

"ஆமா சார். சும்மா வந்து சொல்லியிருந்தா உட்கார்ந்து கேட்டிருப்பீங்களா?"

கணேசன் எழுந்து நடந்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன். படியில் இறங்கும்போதே பொரிந்து தள்ளினார். "கேஸ் போடப் போறாங்க, பாருங்க. பட்டா எல்லாம் கிளீனா இருக்கு." சட்டென்று நின்று என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சத்தியமாகத் தெரியாது என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. நான்கு நாள் வாக்கிங் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு ஜெராக்ஸ். கேஸ் வந்தால் உதவும் என்று வீட்டிலிருந்த பழைய காகிதங்களையெல்லாம் கிளறியிருக்கிறார். அதில் கிடைத்த முச்சலிக்கையாம். குத்தகை நிலத்தை விட்டுக்கொடுத்து எழுதியது.

'இரங்கூனிலிருந்து ஊர் திரும்பியிருக்கும் காளியனாகிய நான் என் மனப்பூர்வமான சம்மதத்தின்பேரில்...' என்று ஆரம்பிக்கிறது. அடியில் கறுப்பாக ஒரு கைநாட்டு. சாட்சி — கோயில் பூசாரி.

"எத்தனையோ பத்திரம் பார்த்திருக்கேங்க..." கணேசன் அந்தக் கைநாட்டைத் தொட்டுக் காட்டினார். "பேய்கிட்ட யாராவது கைநாட்டு வாங்குவாங்களா?"

யார் கண்ணுக்குப் பேய் தெரிகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. அவர் வயலின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

போன ஞாயிறு, கணேசனே கூப்பிட்டு, அமுதாவும் நாங்கள் இருவரும் அவர் காரில் அந்த ஊருக்குப் போனோம். அமுதாவின் அப்பா தங்கராசு டீக்கடையில் இருந்தார். பெஞ்சில் இன்னும் நாலைந்து பேர். கணேசன் உட்காரவில்லை. ஜெராக்ஸை நீட்டி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"உங்க தாத்தா மனுஷன்தாங்க. பொய் சொன்னது எங்க தாத்தா."

தங்கராசு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். அந்தக் கைநாட்டையே வெகு நேரம் பார்த்தார்.

"எங்க வீட்டுப் பேய்க்கு ரேகை நல்லா ஆழமாத்தான் இருந்திருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அவரே சிரித்தார். எங்களுக்கு டீ சொன்னார். அமுதா மட்டும் வேப்பமரத்துப் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. திரும்பும் வழியில், அமுதா அசந்து தூங்கிய நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்டேன்.

"கணேசன்... அதோட ஒரிஜினல்?"

"அது பத்திரமா இருக்குங்க" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

யாருக்குப் பத்திரம்...?