புரட்டாசியில் உயிரோடு விட்ட நத்தைகள்

சுனாமியில் கடல் தீவுக்குள் ஏறி வந்து எங்கள் நெல்வயலில் உப்பை விட்டுப் போன பிறகு, பெரார்கஞ்ச் மேட்டில் வீட்டை ஒட்டிய காய்கறித் தோட்டம்தான் மிச்சம். அதுவும் விளையாவிட்டால் டவுனில், ஜங்லிகாட்டில் இருக்கும் தன் அறைக்கே வந்துவிட வேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். அந்த மண்ணை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

மறு வருஷம் எங்கிருந்தோ வாழைக்கன்று வாங்கி வந்து நட்டேன். வேர்மண்ணில் ஒட்டி வந்ததோ என்னவோ, புரட்டாசி மழையில் பன்னிரண்டு நத்தைகள் கண்ணில் பட்டன. கை நிறையும் ஓடு. ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் கொண்டுவந்தது என்பார்கள். அவன் போய்விட்டான், இது போகவில்லை. ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் உப்பைத் தூவியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "பெருமாள் மாசத்துல உசிரக் கொல்லுவியளா? கொண்டுபோயி வெளிய விடுங்க."

டப்பாவில் அள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டேன். மாதம் முழுக்கக் கண்ணில் பட்டதையெல்லாம் அப்படியே.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலியில் சாய்ந்து சிரித்தார். "என்ன மாமா, நத்தைக்கு மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட்டா? ரிட்டனும் சேத்து எடுத்திருப்பியளே!"

"பன்னெண்டு உருப்படிய்யா. அதுலயும் பாதி ஆணா இருக்கும்."

ஆடு கோழி வளர்த்தவன் போட்ட கணக்கு. நத்தையில் எல்லாமே முட்டையிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கொத்தமல்லி விதை போல, மண்ணுக்குள் நூறு நூறாக. அவற்றைப் பிடித்துத் தின்னும் பிராணியும் அங்கே இல்லை. வெயில் காலத்தில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தன.

அடுத்த மழைக்குக் கால் வைக்க இடமில்லை. வெண்டை போனது, கத்தரி போனது, பப்பாளிப் பட்டை போனது. பிறகு சுவரில் ஏறிச் சுண்ணாம்பைச் சுரண்டின. இப்போது உப்புப் போடுவதென்றால் தோட்டம் முழுக்கப் போட வேண்டும். அதைத்தான் கடல் வயலில் செய்துவிட்டுப் போயிருந்தது.

"ஒங்க புண்ணியம் என் தோட்டத்தையும் தின்னுபுடுச்சு மாமா." இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

மகன் வந்தான். "கெளம்புங்கப்பா. நத்தையக் காவல் காத்தா சோறு வருமா?"

கிளம்பினோம்.

சில மழைக்காலம் கழித்துப் பக்கத்துத் தோட்டக்காரர் போன் செய்தார். "நத்தை கொறஞ்சு போச்சு மாமா. தின்ன ஒண்ணுமில்லாமச் செத்துருச்சு, வெறும் ஓடாக் கெடக்கு."

"திரும்பிப் போவமா?" என்றாள் மனைவி.

அவை பட்டினியில் தீர்ந்து முடிவதற்குள் எனக்கு மண்வெட்டி தூக்கும் தெம்பும் தீர்ந்திருந்தது.

"இப்பப் போயி என்னத்த," என்றேன்.