இருபத்தொன்பதாம் பிரிவும் எங்கள் சனிக்கிழமைப் பள்ளியும்

செயலாளர் அன்ரி கை தூக்கிய காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பாடசாலை நூலகம். சிறுபிள்ளைகளின் தாழ்ந்த கதிரைகளில் முழங்கால் இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்தும் சங்கத்துக்கு அன்று யாப்பு, அதாவது சட்டவிதிகள், எழுதினோம். பத்துப் பேர் கூடினால் யாப்பு எழுதாமல் எங்களுக்குத் தேநீர் இறங்காது. 'இலங்கையின் வடக்கு, கிழக்கைச் சேர்ந்த பெற்றோருக்கே வாக்குரிமை' என்ற வரிக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். எதிர்த்துக் கை தூக்கியவர் அன்ரி ஒருவர்தான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

நான் கைக்குழந்தையோடு பின்வரிசையில் இருந்தேன். மகள் பேசத் தொடங்கும் முன்பே அவளுக்கு இடம் கிடைக்குமா என்று கவலைப்பட்டு வந்தவள். என் அப்பா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பன் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இறந்தவர். அந்த வரி வெளியே நிறுத்தியது என்னைத்தான்.

கொழும்பில் சட்டத்தரணி ஒருவரிடம் வேலைசெய்த அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரி, எனக்கு எந்த உறவும் இல்லாதவர், எழுந்து நின்றார்.

"வெள்ளைக்காரன் போகேக்கை தந்த யாப்பிலை இருபத்தொன்பதாம் பிரிவு எண்டு ஒண்டு இருந்தது. மற்றச் சனத்துக்கு இல்லாத தடையை ஒரு சனத்துக்கு மட்டும் போடேலாது. அது இருக்கத்தக்கனதான் மலைநாட்டுச் சனத்தின்ரை குடியுரிமையைப் பறிச்சவங்கள். எங்கட ஆக்களிலும் சிலபேர் ஆதரிச்சவை. இப்ப நீங்கள் இஞ்சை வந்தும் அதே வேலையைச் செய்யிறியள்."

"அன்ரி, உது பாராளுமன்றமில்லை, பள்ளிக்கூடம்" என்றார் தலைவர்.

"ஓம் தம்பி, அதாலைதான் இன்னும் திருத்தலாம்."

பொருளாளர் சிரித்தார். "உங்கட பிரிவு ஆரைக் காப்பாத்தினது?"

"ஒருத்தரையும் காப்பாத்தேல்லை. ஆனால் எழுதி வைச்சால், மீறுறவன் மீறுறன் எண்டு தெரிஞ்சுதான் மீறோணும்."

வரியை வெட்டினார்கள். எவருக்கும் தனித்தடை கூடாது என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் எழுதினார்கள்.

அன்ரி போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். என் மகள் இப்போது அங்கே அரிவரியில், எழுத்துப் பழகும் முதல் வகுப்பில், படிக்கிறாள். இந்த இலையுதிர் காலக் கூட்டத்தில் புதிய தலைவர், பழைய சங்கத்தைக் கலைத்துவிட்டுப் புதுச் சங்கம், புது யாப்பு என்றார். அப்படியென்றால் மூன்றில் இரண்டு தேவையில்லை. வெட்டிய வரி திரும்ப வந்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் இலங்கையிலும் இதைத்தான் செய்தார்கள்: பாராளுமன்றத்துக்கு வெளியே ஒரு சபையைக் கூட்டிப் புதிதாக எழுதினார்கள், இருபத்தொன்பது காணாமல் போயிற்று.

எழும்பலாமா என்று பலமுறை யோசித்தேன். நாளை வகுப்பில் மகளை யாராவது ஒதுக்கினால்? நான் பெரிதுபடுத்துகிறேனோ? பிறகு, பேசாமல் இருந்தால் அவளை ஒதுக்குகிறவள் நானாகிவிடுவேனே என்று தோன்றியது. எழுந்தேன்.

"புதுச் சங்கம் தொடங்குங்க. ஆனா முதல் அங்கத்தவரா என்ர பேரை எழுதுங்க. வாக்குரிமையோட."

தலைவர் பேனையைத் திறந்தார், எழுதவில்லை. "தங்கச்சி, நீங்கள் எந்த ஊர்?"

"அப்பாவுக்கு ஹட்டன். எனக்கும் மகளுக்கும் ஸ்காபரோ. எழுதுங்க, எழுதி முடியுமட்டும் நான் கதிரையில இருக்கமாட்டன்."