நாக்கால் கண்டுபிடித்த ஆறு

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. முப்பத்தெட்டு வயது வரைக்கும் இதை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், ஒன்பது வயது மகள் மதுராவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் அவளுடைய வகுப்பில் 'எமது ஊரின் ஆறு' பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னபோது, "எங்கடை ஊரிலை கிணறுதான், ஆறு இல்லை எண்டு எழுது" என்றேன். எழுதினாள். வகுப்பில் ஒருத்தி வரைபடத்தில் யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றைக் காட்டிவிட்டாள்.

"தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே அம்மா" என்றாள் அன்று மாலை. அதற்குப் பிறகு கணக்கில் சந்தேகம் வந்தால்கூட அப்பாவிடம்தான் போனாள். எனக்கு வலித்தது. போன மானத்தை மீட்கத்தான் தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றோம்.

வட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் இளம் விஞ்ஞான ஆசிரியை, சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளை ஆற்றங்கரையில் நடத்திக்கொண்டு போவதாக மச்சாள் சொல்லியிருந்தாள். கட்டணம் இல்லை. காலை 6.40க்கு நகரில் ஓட்டோ பிடித்தோம். பன்னிரண்டு கிலோமீட்டர், 1,600 ரூபாய்.

"வழுக்கையாத்தடிக்குப் போகவேணும் அண்ணை."

"ஆறோ? உந்த வெள்ள வாய்க்காலைச் சொல்லுறியளோ?"

பக்கத்திலிருந்த மதுரா என்னைப் பார்த்தாள். நான் வெளியே வேடிக்கை பார்த்தேன்.

கரையில் பதினொரு பிள்ளைகள், ஆளுக்கொரு கயிற்று வளையத்துடன் நின்றார்கள். வளையத்தை எறிந்து, அது விழுந்த இடத்துக்குள் எத்தனை வகைச் செடி என்று எண்ண வேண்டும். மதுராவின் வளையத்துக்குள் கோரை, வல்லாரை, பொன்னாங்காணி. பெயர் சொன்னது ஊர்ப் பிள்ளைகள், அவள் எழுதிக்கொண்டாள். பொன்னாங்காணியைப் போத்தல் தண்ணீரில் கழுவிக் கொடுத்தார்கள். மென்று பார்த்து, "புல்லு மாதிரிக் கிடக்கு" என்றாள்.

ஆனால் பிடிவாதம் விடவில்லை. "ரீச்சர், உது வாய்க்கால்தானே?"

"ஓம் எண்டும் சொல்லமாட்டன், இல்லை எண்டும் சொல்லமாட்டன். கடைசி மட்டும் நடந்து பார்த்திட்டு நீரே சொல்லும்."

மூன்று கிலோமீட்டர் நடந்தோம். வயல், ஆம்பல், கொக்கு, என் செருப்பை விழுங்கிய சேறு. ஒன்பதரைக்கு அராலிக் கதவணை வந்தது. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பது அதுதான். அதைத் தாண்டியதும் கோரையைக் காணவில்லை. கண்ணா என்ற கண்டல் மரங்கள் நின்றன. இலையைக் கழுவலாம் என்று மதுரா போத்தலைத் திறந்தாள்.

"உதைக் கழுவக் கூடாது. கழுவினால் பாடமும் போயிடும்" என்று ஆசிரியை ஓர் இலையைப் பறித்துக் கொடுத்தார். "நுனி நாக்கிலை வைச்சுப் பாரும்."

மதுரா முகத்தைச் சுளித்தாள். "உப்பு!" இலையையும், வந்த வழியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"இவ்வளவு தூரம் ஓடி வந்து கடலிலை முடியுது. அப்ப ஆறுதான். உங்களுக்கு ஏன் தெரியேல்லை?"

நான் கொழும்பில் வளர்ந்தவள். ஊருக்கு வருவது ஓகஸ்ட் விடுமுறையில் மட்டும். அப்போது இங்கே மாடு மேயும். எத்தனையோ தடவை இதற்குக் குறுக்கே நடந்திருக்கிறேன், காய்ந்த தரவை, வெறும் மேய்ச்சல் நிலம் என்று நினைத்து. அதைச் சொன்னேன். "எனக்குத் தெரியாது குஞ்சு. தெரியாமல்தான் சொன்னனான்" என்றும் சொன்னேன். இவ்வளவு சின்ன வசனத்துக்கு இவ்வளவு நாள் எடுத்திருக்கிறேன்.

அவள் இலையை என்னிடம் நீட்டினாள். நானும் நக்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் ஓடுவது மார்கழி, தை மாதங்களில். பழைய செருப்பு, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், தொப்பி வேண்டும். கண்டல் ஓரம் தில்லை மரமும் நிற்கலாம், அதன் பால் கண்ணுக்கு ஆகாது. தெரிந்தவர் காட்டும் இலையை மட்டும் தொடவிடுங்கள். திரும்ப அராலிச் சந்தியில் பஸ் உண்டு, எங்களுக்கு நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசிக் குறிப்பு மதுரா சொல்ல நான் எழுதுவது: "ஓகஸ்டிலை வந்து பார்த்திட்டு, ஆறு இல்லை எண்டு பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ. வேணுமெண்டால் என்னைக் கேளுங்கோ. அம்மாவையும் கேக்கலாம், இப்ப அவவுக்கும் தெரியும்."