அக்காவின் மெயிலும் என் மெயிலும்

என் மகன் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான். கரையில் நின்றால் போனில் பேசுவான். கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டால் மெயில் மட்டும்தான். அதுவும் கம்பெனியில் பதிந்து வைத்திருக்கிற ஒரே முகவரிக்குத்தான் வரும். அந்த முகவரி என்னுடையது இல்லை, வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி, என் ஓரகத்தி அக்காவுடையது.

எனக்கும் மெயில் உண்டு. மகன்தான் என் போனில் போட்டுக் கொடுத்தான், அவன் அப்பா பேரோடு எங்கள் கதவு எண்ணையும் சேர்த்து. அதுதான் வினையாகிப் போனது. கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பெண், "அம்மா, உங்க மெயில் ஐடி சொல்லுங்க" என்று கேட்டபோது நான் உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டுக்காரர் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கார்டை நீட்டிவிடுவேன். போனில் எதை நீட்டுவது?

நான் விழிப்பதைப் பார்த்து, பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓரகத்தி போனை வாங்கினாள். "இவ கூச்சப்படுவாம்மா. என்னுது எழுதிக்க" என்று மளமளவென்று சொல்லிவிட்டாள். அவளுடையது பூப்பேர், எங்கேயும் சொல்லலாம். என் முகவரியையே கேட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? கொழுந்தன் பேரைச் சொல்ல அவளுக்கு என்ன தடை?

இரண்டுமே காசில்லாமல் கிடைக்கிற மெயில்தான். ஆனால் அவளுடையது வேறு மெயில் கம்பெனி. திறந்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். கடிதம் மேலேயே நிற்கும், படம் தானாக விரியும். கடைக்காரன் அனுப்புவதையெல்லாம் அது தனியாக ஒதுக்கிவிடும். என்னுடையதில் நாலு வரிக்கு ஒரு புடவைத் தள்ளுபடி. நல்ல கடிதம் குப்பையில் கிடக்கும், நகைக்கடன்காரன் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பான். அடிக்கடி இடம் தீர்ந்துவிட்டது என்று வேறு சொல்லும். அவளுடையதில் எத்தனை வந்தாலும் இடம் இருக்கிறது. என் பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கிறது.

மகன் கடிதம் வந்தால் அவள் உடனே சொல்ல மாட்டாள். தலை வாரி, சாப்பிட்டு, வெற்றிலை போட்ட பிறகுதான் வரப்பில் உட்கார்ந்து படிப்பாள். "பெரியம்மா கொழம்பு மாதிரி வெக்கிறேன், கப்பல்ல எல்லாரும் கேட்டு சாப்பிடுறாங்கன்னு எழுதியிருக்கான்டி" என்பாள். போனை என் பக்கம் திருப்ப மாட்டாள். அவன் அப்படித்தான் எழுதினானா, இவள் சேர்த்துக்கொண்டாளா என்று எனக்கு வயிறு எரியும். நானும் அஞ்சாவது வரை படித்தவள்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "யாருக்கு வந்தா இன்னா? ஒரே வூடுதான" என்றார்.

ஒரு நாள் அவளே, "ஏண்டி மூஞ்ச தூக்கிக்கினு இருக்க? என் கம்பெனியிலயே உனக்கும் ஒண்ணு போட்டுக்க. எம்பொண்ணு போட்டுத் தருவா" என்றாள். நல்ல யோசனைதான். அதனாலேயே கசந்தது. அவள் கொடுத்து நான் வாங்கிய மெயிலில் என் பிள்ளை கடிதம் வர வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அந்தக் கப்பல் கம்பெனிப் பெண் பேசின நம்பருக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அவர் பேரைச் சொன்னேன்.

"சரியா கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். பின்னால் கஞ்சி புரையேறியது.

"இன்னாமே, என் பேர ஏலம் போடுற?"

"கப்பலுக்குச் சொல்றேன். நீ குடிய்யா."

"இன்னொரு வாட்டி சொல்லேன், கேப்போம்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் அந்தப் பெண் முகவரியை மாற்றிவிட்டாள்.

அதன் பிறகு தினமும் போனைத் திறந்து பார்ப்பேன். புடவை, கடன், புடவை. என் மெயில் அவன் கடிதத்தையும் குப்பையில் தள்ளிவிடுமோ என்று அங்கேயும் கிளறுவேன். தனக்குக் கடிதம் நின்றுபோனதைப் பற்றி ஓரகத்தி கேட்கவே இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டு என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஒரு காலையில் வந்தது. பட்டுப் புடவைக்கும் நகைக்கடனுக்கும் நடுவில், "அம்மா" என்று தொடங்கியிருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கப்பல்காரன் போட்டானாடி?" அடுத்த பாத்தியிலிருந்து அவள் குரல்.

"போட்டான்க்கா."

"இன்னா எழுதியிருக்கான்? படி."

"இரு, நானே இன்னும் படிக்கல" என்றேன். முதல் வரியில்தான் இருந்தேன்.